மாமனாருக்கு ஆகாத நட்சத்திரம்

என் வேலை பிழை கண்டுபிடிப்பது. கேளம்பாக்கத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், அடுத்தவர்கள் எழுதி வைத்ததில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொன்னால் மாதம் பிறந்ததும் சம்பளம். இப்பேர்ப்பட்டவளின் ஜாதகத்திலேயே நாலு மணி நேரம் பிழை இருந்தது. அதைப் போட்டது என் அம்மா. பொத்திப் பொத்திப் பாதுகாத்தது நான்.

நான் பிறந்தது தை மாதம், அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, விடியற்காலை ஐந்து பத்துக்கு. அன்று ஏழு மணி வரை மூல நட்சத்திரம். அதற்கப்புறம் பூராடம். இன்னும் இரண்டு மணி நேரம் அம்மாவின் வயிற்றுக்குள் சமர்த்தாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூல நட்சத்திரத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது, அவள் வந்து சேர்ந்தால் அவர் உயிருக்கு ஆபத்து என்று ஒரு நம்பிக்கை. யார் சொன்னது, எத்தனை மாமனார்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. சேலையூரில் எங்கள் ஜோசியர், "மாமனார் இல்லாத வரனாப் பாருங்கோ" என்று ரொம்ப சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அம்மாவும் சிரத்தையாகத் தேடினாள். "பையனுக்கு அப்பா தவறிப்போயிட்டாரா? அப்பாடா, ரொம்ப நல்லதாப் போச்சு" என்று ஃபோனில் வாய் தவறிச் சொல்லி, அந்தப் பக்கத்து அம்மாளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். எனக்கு இருபத்தேழு முடிந்தது. ஒருநாள் அம்மா புதிதாக ஒரு ஜாதகம் எழுதிக்கொண்டு வந்தாள். பிறந்த நேரம் காலை ஒன்பது பத்து. நட்சத்திரம் பூராடம்.

"எனக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கையே இல்லையே, எதை வேண்டுமானாலும் எழுதிக்கோ" என்றேன். உண்மையில் நம்பிக்கை இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேஷவைக் கட்டிக்கொண்டு பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்தேன். கேஷவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சிரித்துக்கொண்டே நேராக அவன் அப்பாவிடம் போய்ச் சொல்லிவிடுவான். அப்படிப்பட்ட ஆள்.

அப்பா என்றுதான் நானும் அவரைக் கூப்பிட்டேன். யக்ஞநாராயணன். ரயில்வேயில் கால அட்டவணை போடும் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்றதும் ஒரு சின்ன டெலஸ்கோப் வாங்கி மொட்டை மாடியில் வைத்தார். "முப்பத்தஞ்சு வருஷம் நான் போட்ட டைம்டேபிள்படி ஒரு வண்டியும் வந்ததில்லை. சூரியனும் சந்திரனும் ஒரு செகண்ட் லேட்டா வந்ததில்லை" என்பார். பஞ்சாங்கமும் படிப்பார், வானியல் புத்தகமும் படிப்பார். ராகுவும் கேதுவும் பாம்பு இல்லை, சந்திரன் போகிற பாதையும் சூரியன் போகிற பாதையும் வெட்டிக்கொள்கிற இரண்டு ஜங்ஷன்கள், அமாவாசையன்று இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் ஜங்ஷனுக்கு வந்தால் கிரகணம் என்று பால் போட வருகிறவரைக்கூட நிறுத்தி வைத்துச் சொல்வார். அதே கிரகணத்தன்று குளித்து, எள்ளும் தண்ணீரும் விட்டுத் தர்ப்பணமும் செய்வார். கேட்டால், "அது எங்கப்பாவுக்கு, இது எனக்கு" என்பார். எனக்கு அவரைப் பார்த்த முதல் நாளே பிடித்துவிட்டது. அதுதான் கஷ்டம்.

கல்யாணமாகி ஒரு மாதத்தில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. செய்தி கேட்டு அம்மா ஃபோன் செய்தாள். விசாரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "ஜாக்கிரதைடி. அவர் பக்கத்துல ரொம்பப் போகாதே" என்றாள். நம்பாதவளுக்கு அது காதில் விழுந்திருக்கவே கூடாது. விழுந்தது மட்டுமில்லை, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து அவருக்குக் காபியைக் கையில் கொடுப்பதை நிறுத்தினேன். சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, "காபி" என்று காற்றிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். அவர் ஹாலுக்கு வந்தால் எனக்குச் சமையலறையில் வேலை வந்துவிடும். "மிருதுளா, வியாழனோட நாலு நிலாவும் தெரியறது, வந்து பாரேன்" என்று மாடியிலிருந்து கூப்பிடுவார். "ஆபீஸ் கால் இருக்குப்பா" என்பேன். சில நாள் நிஜமாகவே இருக்கும்.

தலை தீபாவளிக்கு எல்லோரும் சேலையூருக்குப் போனோம். அம்மாவுக்குச் சந்தோஷம் தலைக்கேறினால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. பட்சணம் பரிமாறிக்கொண்டே, "இவ பொறந்து முதல் அழுகை அழறா, நான் தலையைத் திருப்பி ஜன்னல்ல பாக்கறேன், நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி அவ்வளவு மெலிசா ஒரு நிலா! அப்பவே நினைச்சேன், இவ நல்லா இருப்பான்னு" என்றாள். மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தேன். அப்பா தீபாவளி மருந்தை விரலில் எடுத்து நக்கிக்கொண்டிருந்தார். "அப்படியா!" என்றார். அவ்வளவுதான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது டிசம்பர் இருபத்தாறாம் தேதி சூரிய கிரகணம். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றே கால் வரை. பிடிக்கிற நட்சத்திரம் மூலம். தனுசு ராசியில் ஆறு கிரகங்கள் ஒன்றாகக் கூடுகின்றன என்று ஒரு மாதமாக டிவியில் ஜோசியர்கள் கத்தித் தீர்த்தார்கள். கிரகணம் பிடிக்கிற நட்சத்திரக்காரர்களும் அதற்கு முன்பின் நட்சத்திரக்காரர்களும் நெற்றியில் பட்டம் கட்டிக்கொள்ள வேண்டும். பட்டம் என்றால் வேறொன்றுமில்லை, தோஷம் தாக்காமல் இருக்க ஒரு சுலோகத்தை ஓலையிலோ காகிதத்திலோ எழுதி நூல் கோத்துக் கட்டிக்கொள்வது. முடிந்ததும் அவிழ்த்துத் தானத்தோடு கொடுத்துவிடுவார்கள். வாத்தியார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் மூலத்துக்கு அடுத்து பூராடமும் இருந்தது. ஓடி ஒளிந்த இடத்துக்கும் கிரகணம் வந்துவிட்டது.

மாமியார் நாகலக்ஷ்மி முதல் நாளே தயிர், மோர், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றிலும் தர்ப்பையைப் போட்டு வைத்துவிட்டார். காலையில் என் நெற்றியில் பட்டத்தைக் கட்டி, "அசையாம உள்ளேயே இரு" என்றார். அதற்கு முன்பே என் அம்மா ஃபோனில் பேசியாகிவிட்டது. "உன் நட்சத்திரத்துலயே பிடிக்கறது. இன்னிக்கு ஒரு நாள் அவர் மூஞ்சியிலயே முழிக்காதே. என்ன காரணம் வேணா சொல்லிக்கோ."

மாடியில் ஒரே கூட்டம். எங்கள் தெருவே ஒரு காலத்தில் முனிரத்தினத்தின் நிலம். மனை போட்டு விற்றவர், அப்பா மனை வாங்கிய நாளிலிருந்து அவருக்குச் சிநேகிதர். அவர் குரல்தான் தெருவுக்கே கேட்டது. "இன்னா சார் இது, எவனோ கடிச்சிட்டு வச்ச பிஸ்கோத்து மாதிரி கீது!"

ஒன்பதரைக்குக் கொஞ்சம் முன்பு அப்பா மாடியிலிருந்து இறங்கி என் அறை வாசலுக்கு வந்தார். கையில் கிரகணக் கண்ணாடி, அட்டையில் செய்தது, வீட்டில் ஆளுக்கொன்று என்று வாங்கியிருந்தார்.

"மிருதுளா, ஒன்பது முப்பத்தஞ்சுக்கு உச்சம். எண்பது சதவீதத்துக்கு மேல மறையப் போறது. நம்ம ஊர்ல இவ்வளவு பெரிசா இனிமே முப்பத்தொண்ணாம் வருஷம்தான். அப்ப நான் இருப்பேனோ மாட்டேனோ. ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போயேன்."

"வரலைப்பா."

"பட்டத்தோடயே வா. சூரியன் ஒண்ணும் கோச்சுக்க மாட்டார்."

அவர் சிரித்தார். எனக்குள் பயம் முற்றி அது கோபமாக வெளியே வந்தது. "எனக்கு இதுல இன்ட்ரஸ்ட் இல்லைப்பா. உங்களுக்கு வேற வேலை இல்லை, எனக்கு இருக்கு. என்னை விட்டுடுங்கோ."

இப்படி யாரும் அவரிடம் பேசி நான் கேட்டதில்லை. "சரிம்மா" என்றார். கண்ணாடியை வாசற்படி ஓரமாக வைத்துவிட்டு மாடிப்படி ஏறிப் போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் வெயில் வடிகட்டினது மாதிரி ஆகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். இலை இடுக்குகள் வழியாக என் அறைத் தரையில் நூறு குட்டிப் பிறைகள் விழுந்து அசைந்தன. நான் போகாவிட்டால் என்ன, அது என்னைத் தேடி வந்துவிட்டது. அவ்வளவு அழகு. நான் எழுந்து திரையை இழுத்து மூடினேன். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று மனசார நம்பினேன்.

அடுத்த கிரகணம் ஆறே மாதத்தில் வந்தது. ஜூன் இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை, ஊரடங்கு. வெளியாள் யாரும் வரவில்லை. சூரியன் மூன்றில் ஒரு பங்குதான் மறைந்தது. அன்றைய நட்சத்திரம் என் நிஜ நட்சத்திரமும் இல்லை, பொய் நட்சத்திரமும் இல்லை. அந்தத் தைரியத்தில் மாடிக் கதவு வரை போய் நின்றேன். அப்பா மாமியாரின் ஜல்லிக்கரண்டியை வெயிலில் பிடித்து, ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் கடிபட்ட சூரியனை வெள்ளைத் துணியில் விழ வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூப்பிடவில்லை. கரண்டியைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"மூல நட்சத்திரம் எங்க இருக்கு தெரியுமோ? விருச்சிகத்தோட வால் நுனியில. நம்ம பால்வீதிக்கு நடு மையம்னு ஒண்ணு இருக்கே, அதுவும் ஏறக்குறைய அந்தத் திசைலதான். மூலம்னா வேர். தெரிஞ்சு பேர் வச்சாளோ தெரியாம வச்சாளோ, பொருத்தமான பேர். அதுல பொறந்தவாளைப் பத்தி என்னென்னமோ சொல்றா. எல்லாம் உளறல். நட்சத்திரத்துக்கு நம்ம வீட்டு அட்ரஸே தெரியாது."

"இதை ஏன்பா என்கிட்ட சொல்றேள்? எனக்குப் பூராடம்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஆமாம். பூராடம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கரண்டியைச் சரியாகப் பிடித்தார். நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

மறுவருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை, ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்தவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். தாம்பரத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. எழுபத்தொரு வயது, இருபது வருஷச் சர்க்கரை, அவருடைய அப்பாவும் இதே மாதிரிதான் போனார் என்றார் மாமியார். எல்லோரும் சரியாகத்தான் கணக்குப் போட்டார்கள். நான் மட்டும் என் நட்சத்திரத்தையும் அதில் சேர்த்துக்கொண்டேன். திரும்பி வந்து பார்க்கும்போது நான் மேஜையில் வைத்த காபி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

பதின்மூன்றாம் நாள், காரியங்களுக்கு முடிவாகச் செய்கிற சுபம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா என்னை ஓரமாக இழுத்து, "நம்ம மேல யாருக்கும் சந்தேகம் வரலையே?" என்று கேட்டாள். அவளை வாழ்க்கையில் முதல் தடவையாக அறைந்துவிடலாம் போலிருந்தது. அப்படிப் பார்த்தால் என்னைத்தான் முதலில் அறைய வேண்டும்.

இருபத்திரண்டாம் வருஷம் தீபாவளிக்கு மறுநாள், சாயங்காலம் நாலரை மணி. முனிரத்தினம் கையில் ஒரு பழைய டைரித் தாளோடு வந்து நின்றார்.

"சார் எழுதிக் குட்த்தது மா. அக்டோபர் இருவத்தஞ்சு, சூரியன் எறங்கச் சொல்ல கெரகணம், ஏரிக்கரைல நின்னு பாரு முனிரத்தினம், மாடிலேர்ந்து தெரியாதுன்னு சொன்னாரு. தனியா போவ மனசு வரல. நீ வர்றியா?"

வாசற்படியில் அன்று வைத்துவிட்டுப் போன கண்ணாடியை நான் அலமாரியில் புடவைக்கடியில் வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாமியார் அன்றும் தர்ப்பை போட்டுக்கொண்டிருந்தார்.

கரையில் நின்றோம். மேகம் கொஞ்சம் இருந்தது, பிறகு விலகியது. ஐந்தேகால் ஆனதும் முனிரத்தினம் சொன்னார்: "பயப்படாம பாரும்மா. இன்னிக்கி சுவாதிதான். அன்னிக்கி மாதிரி உன் நட்சத்திரம் இல்ல. அன்னிக்கி மூலம்னுதான நீ வூட்டுக்குள்ளவே இருந்துட்ட."

"எனக்குப் பூராடம்" என்றது என் வாய். என்னைக் கேட்காமலே சொல்லப் பழகியிருந்தது.

அவர் சிரித்தார். "எங்கிட்ட இன்னாத்துக்கும்மா? சார்தான் சொல்லிகீறாரே. உங்கம்மா நெலாவப் பாத்தேன்னு சொன்னாங்களாமே, நீ பொறந்தப்போ? அமாவாசைக்கி ரெண்டு நாள் முந்தி கீத்து நெலா விடியக்காலைலதான் தெரியும் முனிரத்தினம், ஒம்போது மணி வெயில்ல எவன் கண்ணுக்கும் தெரியாதுன்னாரு. அப்பொறம் பஞ்சாங்கத்தப் பாத்தாராம். விடியக்காலைல மூலம். ஒடனே புரிஞ்சிப்போச்சாம், நீ ஏன் அவராண்ட வர்றதில்லன்னு."

நாலு மணி நேரப் பொய்யை ஒரு நகத்துண்டு நிலா காட்டிக்கொடுத்திருக்கிறது. தலை தீபாவளியன்றே. பிழை கண்டுபிடிக்கிற வேலை எனக்கு, கண்டுபிடித்தவர் அவர்.

"ஏன் என்கிட்ட கேக்கலை அவர்?"

"நான் கூட சொன்னேம்மா, கூப்ட்டுக் கேட்ருங்க சார்னு. கேட்டா அது வெக்கப்பட்டுக்கும், அதுங்கம்மாவயும் தப்பா நெனச்ச மாதிரி ஆயிரும், அதுவா சொல்லட்டும்னாரு. ஒரு தபா ஜாடையா சொல்லிப் பாத்தேன், புடி குடுக்கல முனிரத்தினம்னாரு. சொல்லுவ சொல்லுவன்னு காத்துகினுதான் இருந்தாரு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சூரியனின் ஒரு ஓரம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. எட்டு சதவீதம் என்று பேப்பரில் போட்டிருந்தான். யாராவது சொன்னால்தான் தெரியும். எண்பதுக்கு மேல் மறைந்த சூரியனைக் காட்ட அவர் படியிறங்கி வந்து கூப்பிட்டார். இந்த எட்டைப் பார்க்கத்தான் நான் வந்து சேர்ந்தேன். அதையும் முழுசாகப் பார்க்க முடியவில்லை, அழுகையில் எல்லாம் கலங்கிவிட்டது. கால் மணியில் சூரியன் இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் குளித்தேன். மாமியார் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் தரையில் உட்கார்ந்தேன். என்ன ஆனாலும் ஆகட்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வீட்டை விட்டுப் போ என்றால்கூடப் போகத் தயாராக இருந்தேன்.

"அம்மா, எனக்குப் பூராடம் இல்லை. மூலம். கல்யாணத்துக்காக நேரத்தை மாத்தி எழுதினோம். அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான் பக்கத்துலயே வராம இருந்தேன். அவருக்கு அது தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாமப் போச்சு."

அவர் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா இந்தக் கல்யாணத்துக்கு நான் ஒத்துண்டிருக்க மாட்டேன். பொய் சொல்லலை" என்றார். "நாப்பது வருஷம் எங்கிட்ட எதையும் மறைக்காத மனுஷன், இதை மறைச்சிருக்கார் பாரு. உன்னைத் திமிர் பிடிச்சவன்னு நான் திட்டுவேன். அவர் அந்த மேஜைல இருந்து காபியை எடுத்துண்டு, 'ஒரு நாள் கையில கொடுப்பா பாரு'ன்னு சொல்லிண்டே குடிப்பார். தினம் சொல்வார்."

கேஷவ் ஆபீஸிலிருந்து வந்து, எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

மறுநாள் காலையில் காபி கலந்தேன். பழக்க தோஷத்தில் மேஜை வரை போய், வைக்காமல் நின்றேன். பிறகு கூடத்துக்குப் போய் மாமியாரிடம் டம்ளரை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"அவருக்கு ஒரு நாளாவது கொடுத்திருக்கலாம்டி" என்றார்.

"கொடுத்திருக்கலாம்மா" என்றேன்.